கண்ணாடி அப்படித்தான்

அந்தக் கூட்டத்தில் 'கோளாறு' என்ற வார்த்தைக்குத் தடை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் ஆறேழு பழைய இத்தாலிக் கார்களும் நாலைந்து இத்தாலி பைக்குகளும் வந்து நிற்கும். வழியில் நிற்காமல் வந்து சேர்ந்ததே பெரிய காரியம் என்று சொந்தக்காரர்கள் இறங்கி ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அங்கே யாராவது வாய் தவறிக் 'கோளாறு' என்று சொல்லிவிட்டால், திரும்பும்போது கிளம்ப மறுக்கிற முதல் வண்டியை அவர்தான் தள்ள வேண்டும். ஏதாவது ஒரு வண்டி கட்டாயம் மறுக்கும் என்பதால் தண்டனை ஒரு நாளும் வீண்போனதில்லை. கோளாறுக்குப் பதிலாகக் 'குணம்' என்று சொல்ல வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டால்தான் இண்டிகேட்டர் எரியுமா? அது குணம். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்குமா? அதுவும் குணம்.

பைக்குகளின் குணங்கள் தனி ரகம். ஒரு பைக்கின் ஸ்டாண்டு நினைத்தபோது மடிந்துகொள்ளும். அதன் சொந்தக்காரர் போகிற இடமெல்லாம் சுவர் தேடிச் சாய்த்து வைப்பார், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். இன்னொன்றின் கிளச், அலுமினியப் பாத்திரத்தில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினாற்போல் சத்தம் போடும். அதைச் சங்கீதம் என்பார்கள். நல்ல வண்டி வைத்திருப்பவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? சாவியைத் திருப்பினான், போனான், வந்தான். இவர்களுக்கு வாரம் ஒரு கதை கிடைத்தது. கதை தருகிற வண்டியை எவன் திட்டுவான்?

இந்தக் கூட்டத்தில் ஒருவருக்குப் 'பல்செட்' என்று பெயர். பல் செட் செய்து கொடுக்கும் லேபில் வேலை. வாயின் அச்சைப் பார்த்தே இந்த ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறவன் என்று சொல்லிவிடுவார். பல்லின் வெள்ளையில் பதினாறு வகை உண்டு. பதினாறையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பார்வையில் பிரித்துவிடுவார். தலைமுடி கனத்துக்கு ஓர் இடுக்கு இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்ட கண்.

இந்தக் கதையில் அவர் மனைவியின் கண் போகப்போகிறது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் காருக்கு என்ன ஆகுமோ என்று படிப்பவர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். காருக்கு ஒன்றும் ஆகாது. அது நன்றாக இருக்கிறது, அதாவது அதன் அளவில்.

கார் அவர்கள் வீட்டுக்கு வந்தபோது மகளுக்கு எட்டு வயது. கரும்பச்சை நிறம், நாலு கதவு, அதில் ஒன்று உள்ளேயிருந்து மட்டும் திறக்கும். விற்ற மனுஷன் சாவியைக் கொடுக்கும்போது கண் கலங்கினான். அவன் எதற்குக் கலங்கினான் என்று வீடு வந்து சேர்வதற்குள் பல்செட்டின் மனைவிக்குப் புரிந்துவிட்டது. வரும் வழியில் மழை பிடித்தது. மழை வெளியே நின்றபிறகும் காருக்குள் நிற்கவில்லை.

"இது காரா, குளியலறையா?" என்று கேட்டாள்.

"கூரைத் துணி கொஞ்சம் இறங்கியிருக்கு. அவ்வளவுதான்."

"இறங்கலைங்க. என் தலைமேல உக்காந்திருக்கு."

அவள் திரைச்சீலை தைப்பவள். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுத்து, துணி வெட்டி, தைத்து, தானே போய் மாட்டியும் விட்டு வருவாள். வீட்டின் முன்னறை முழுக்க அவளுடைய வெட்டு மேஜைதான். சாப்பாட்டுக்குத் தனி மேஜை கிடையாது. துணியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தட்டை வைத்துக்கொள்ள வேண்டியது. திட்டிக்கொண்டேதான் அந்தக் காருக்குக் கூரைத் துணி தைத்தாள். பிறகு சீட். பிறகு கதவுப் பலகைகள். ஒரே ஒரு நூல்கூடப் பிசகாத அந்தத் தையலைப் பார்க்கக் கூட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே தலையை விட்டார்கள். "அண்ணி, எங்க வண்டிக்கும்" என்று வரிசையில் நின்றார்கள். அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து சீட்டில் அவளும் வந்தாள். ஹீட்டர் நிற்காவிட்டால் டாஷ்போர்டுக்கு அடியில் முழங்காலால் எங்கே இடிக்க வேண்டும் என்பது அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

நல்ல தம்பதி. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பல்செட் குடிப்பவரில்லை, கத்துபவரில்லை, கைநீட்டுபவரில்லை. மனைவி உப்பை மறந்தால் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, அரை மணி கழித்து, "இன்னைக்கு உப்பு லீவா?" என்று கேட்பவர். கெட்ட புருஷனாக இருந்திருந்தால் அவளுடைய அக்காவோ தங்கையோ என்றைக்காவது தட்டிக் கேட்டிருப்பார்கள். நல்லவன் என்று பெயரெடுத்தவனை யாரும் தட்டிக் கேட்பதில்லை.

அவளுக்கு ஐம்பது வயது நடந்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தது. முதலில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் அதே தோள், அதே நிலை. பிறகு டீ டம்ளரை மேஜையின் விளிம்புக்கு ஒரு விரல்கடை தள்ளி வைத்தாள், அதாவது காற்றில் வைத்தாள். குண்டூசிப் பெட்டி வாரத்துக்கு இரண்டு முறை கவிழ்ந்தது. திறந்து கிடந்த அலமாரிக் கதவு அவள் நெற்றியில் ஒரு நெல்லிக்காயை வளர்த்துவிட்டது.

பல்செட் என்ன செய்தார்? திட்டவில்லை. அதுதான் சோகம், ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் அவள் ரோஷப்பட்டு டாக்டரிடம் போயிருப்பாள். அவர் கார் கதவுக்கு வாங்கி மிச்சமிருந்த ரப்பர் பட்டையை மேஜையின் நாலு முனைக்கும் ஒட்டினார். அலமாரிக் கதவு தானாக மூடிக்கொள்ளும்படி ஒரு ஸ்பிரிங் வைத்தார். டம்ளர்களை எடுத்துவிட்டு, அடி அகலமான கோப்பைகள் வாங்கி வந்தார். இருபது வருஷமாக அந்தக் காரோடு குடித்தனம் நடத்திப் பழகிய கை அது. எங்கே பிசகுகிறதோ அங்கே தன்னை வளைத்துக்கொள்ளும், பிசகு ஏன் வந்தது என்று கேட்காது.

கேட்காததோடு நின்றாரா? ஞாயிற்றுக்கிழமை போய்க் கதையாகச் சொன்னார். "நம்ம வீட்டம்மா நேத்து ஒரு காரியம் பண்ணினா பாருங்க, பக்கத்து வீட்டுக்காரர் வாசல்ல நின்னு குட்மார்னிங் சொல்றாரு, இவ அவரையே இடிச்சுத் தள்ளிட்டுப் போறா. அந்த மனுஷன் இன்னும் தன்மேல என்ன கோவம்னு யோசிச்சுக்கிட்டிருக்காரு." கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்ததோடு, அவர் விட்டுவிட்ட இடங்களை எடுத்துக் கொடுத்தாள். கதைக்குள் இருக்கிற வரைக்கும் யாருக்கும் பயம் வருவதில்லை.

கண் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால், அவள் ஊசியில் நூல் கோக்கும் வேகம் அப்படி. கண்ணாடி போடாமல், ஒரே தடவையில் கோப்பாள். மருந்துப் பாட்டிலின் அடியில் எறும்புக் கால் அளவில் அச்சடித்திருப்பதைப் படிப்பாள். நேரே தெரிவதெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஓரங்கள்தான் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. ஓரம் போவது வலிப்பதில்லை. இருட்டாகவும் தெரிவதில்லை. அங்கே எதுவுமே இல்லாதது மாதிரிதான் இருக்கும்.

அவளுக்கும் ஒரு நாள் சந்தேகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும் வழியில், காரில் போகும்போது சொன்னாள்.

"என்னங்க, ஓரத்துல பாத்தா ஒரு மாதிரி கலங்கலா இருக்கு. அந்த சைக்கிள்காரன் எங்கேருந்து வந்தான்னே தெரியல. திடீர்னு முளைச்ச மாதிரி இருந்துச்சு."

பல்செட் உற்சாகமாகிவிட்டார். அந்தக் காரின் முன்கண்ணாடி ஓரங்களில் நெளியும்; அது அந்த மாடலுக்கே உரிய சமாச்சாரம். வளைத்து வார்த்த கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் உலகம் கொஞ்சம் நீண்டும் கலங்கியும் தெரியும். கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் இருந்தார்கள்.

"அது இந்தக் கண்ணாடி அப்படித்தான்மா! எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் கவனிச்சியா? சபாஷ்."

"அப்படியா?"

"பின்னே? நான்கூட ஆரம்பத்துல பயந்துட்டேன், கண்ணுல ஏதோன்னு."

அவள் சமாதானமாகிவிட்டாள். தன் கண்ணைவிட அவர் பேச்சை நம்பினாள். காரிலிருந்து இறங்கிய பிறகும் ஓரம் கலங்கலாகத்தான் இருந்தது என்பதை அவள் கவனித்தாளா? கவனித்திருப்பாள். இந்த வீட்டில் எதற்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்துவிடும். அந்தக் கலங்கலுக்குக் கண்ணாடி என்று பெயர் கிடைத்திருந்தது.

இன்னொரு வாய்ப்பும் வந்தது. இதைத்தான் பல்செட்டால் இன்றைக்கும் யாரிடமும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை.

கூட்டத்தின் வண்டிகளையெல்லாம் பார்ப்பது ஒரே மெக்கானிக்தான். அவரிடம் இத்தாலி வண்டி கிடையாது. சாவியைத் திருப்பினால் கிளம்பும் ஒரு சாதாரண ஸ்கூட்டரில் வேலைக்கு வந்து போவார். இவர்கள் குணம் என்று கொண்டுவருவதையெல்லாம் பில்லில் கோளாறு என்றே எழுதுவார். எழுத்துக்குத் தண்டனை இல்லை என்று கூட்டம் பெரியமனது பண்ணி விட்டுவைத்திருந்தது.

அன்றைக்கு அவருடைய ஒர்க்‌ஷாப்பில் காரின் பின்கதவுப் பலகையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். புதுத் துணிக்கு அளவெடுக்க அவள் குனிந்திருந்தாள். மெக்கானிக் கதவின் கைப்பிடியைக் கழற்றி, அவளுக்குப் பக்கவாட்டில் நின்று நீட்டினார். அவள் வாங்கவில்லை. ஏதோ நினைப்பில் இருக்கிறாள் என்று காத்திருந்தார். பிறகு கையை மெல்ல ஆட்டினார். இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டினார். அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்து, தேடுவதுபோல முகத்தைத் திருப்பி, "அட, இங்கேயே நிக்கறீங்களா!" என்றாள்.

மெக்கானிக் பல்செட்டைக் கம்ப்ரசருக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணிக்குப் பக்கவாட்டுல பார்வை இல்ல."

"அவளுக்கா? அவ ஊசியில நூல் கோக்கறதை நீ பாத்திருக்கியா?"

"நேரா தெரியுதுண்ணே. ஓரத்துலதான் தெரியல. மூஞ்சிக்குப் பக்கத்துல கையை ஆட்டினேன். திரும்பவே இல்ல. எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"வேலையில இறங்கிட்டா அவ அப்படித்தான்ப்பா. வீடே இடிஞ்சு விழுந்தாலும் தெரியாது. அது அவ குணம்."

"இது குணம் இல்லண்ணே," என்றார் மெக்கானிக். அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "கோளாறு."

ஒர்க்‌ஷாப் வாசலில் தங்கள் பைக்குகளுக்காகக் காத்திருந்த கூட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது. கைதட்டிக் கூவினார்கள். "சொல்லிட்டாரு! சொல்லிட்டாரு! தள்ளணும்!" பல்செட்டுக்கு நிம்மதியாக இருந்தது. யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போன்ற நிம்மதி. அவரும் சேர்ந்து கைதட்டினார்.

அளவெடுத்து முடிந்ததும் காரைக் கிளப்பினார்கள். சொல்லி வைத்தாற்போல் கிளம்பவில்லை. மெக்கானிக் அவர்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, காருக்குப் பின்னால் போய்த் தள்ளினார். உள்ளே பக்கத்து சீட்டில் இருந்த மனைவி, சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"பாவம், அவர் எதுக்குத் தள்றாரு?"

"சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிட்டான்."

"எதைப் பத்திச் சொன்னாரு?"

"கிளச்சைப் பத்தி," என்றார் பல்செட்.

வேண்டுமென்று சொன்ன பொய்யில்லை அது. அவளை எதற்குப் பயமுறுத்துவது என்று ஓர் எண்ணம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னோர் எண்ணம். மறுநாள் லேபில் ஏகப்பட்ட வேலை. அதற்கு மறுநாள் அது ஞாபகமே இல்லை. ஒரு வருஷமும் எட்டு மாதமும் போயின.

பிறகு அவள் விழுந்தாள். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஜன்னல் அளவெடுத்துவிட்டு, தோளில் பையோடு படியிறங்கினாள். பத்துப் படி. பத்தாவது படி தரை என்று நினைத்துக் காலை வைத்தாள். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் கெட்டிக்காரர். கட்டுப் போட்டுவிட்டு அவளை நேரே பார்க்கச் சொல்லி, தன் பேனாவை அவள் காதுப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னே கொண்டுவந்தார். பேனா மூக்குக்கு நேராக வருகிற வரைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு, மாடியில் இருந்த கண் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கண் பிரிவில் முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரைக்கும் கடகடவென்று படித்தாள். பல்செட் அங்கிருந்த நர்ஸைப் பெருமையோடு பார்த்தார். அடுத்து ஓர் அறையில், பெரிய கிண்ணம் மாதிரி இருந்த ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பல்செட் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு 'டக்'. அவருக்கு முதலில் கருவி மேல்தான் சந்தேகம் வந்தது. பொத்தான் சரியில்லையோ?

டாக்டர் அம்மா இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம். வட்டம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளை.

"இந்த வெள்ளைதான் இவங்களுக்குத் தெரியற இடம். கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிருக்கு. எத்தனை நாளா இடிச்சுக்கறாங்க?"

அவள்தான் சொன்னாள். "மூணு வருஷம் இருக்கும் டாக்டர்."

"மூணு வருஷம்!" டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "போனது திரும்ப வராதும்மா. சொட்டு மருந்து போட்டு இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தாக்கூட பாதிக்கு மேல நின்னிருக்கும். வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

அவள் அவரைப் பார்க்கத் திரும்பினாள். அவர் உட்கார்ந்திருந்த இடம் அவளுக்குத் தெரியாத இடம் என்பதால், முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. "அவர் ரொம்ப நல்லாக் கவனிச்சுக்குவாரு டாக்டர்," என்றாள். அப்போது அவளுக்கு மெக்கானிக் சொன்னது தெரியாது. அந்த வார்த்தையை மனதாரத்தான் சொன்னாள். பல்செட் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது பரம்பரையாக வரக்கூடியது என்பதால் மகளையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், பரிசோதனை செய்துகொண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று போனில் சொன்னாள். பிறகு போனிலேயே அழுதாள். "அம்மா அங்க இடிச்சா, இங்க விழுந்தான்னு வாராவாரம் சொல்லிச் சிரிச்சீங்களேப்பா. நானும் சிரிச்சேனே. என் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி அவங்களையும் சிரிக்க வெச்சேனே."

கூட்டத்துக்காரர்களும் பழமும் ரொட்டியுமாக வந்தார்கள். வெட்டு மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது என்று ஆளுக்கு ஒரு செய்தி சொன்னார்கள். மெக்கானிக் கடைசியாக வந்தார், தனியாக. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நான் அன்னைக்கே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும் அண்ணி. அண்ணன்கிட்ட சொன்னதோட விட்டுட்டேன். உங்ககிட்டயே நேரா வந்து சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்."

"என்னைக்கு?" என்றாள் அவள்.

மெக்கானிக் பல்செட்டைப் பார்த்தார். விஷயம் புரிந்து வாயை மூடுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அவள் விடவில்லை. என்ன சொன்னீங்க, எங்கே வைத்துச் சொன்னீங்க, அதற்கு அவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். கேட்கும்போது குரலில் ஒரு மாற்றமும் இல்லை, ஜன்னல் அளவு கேட்பது மாதிரியே கேட்டாள்.

"நீங்க காரைத் தள்ளினீங்களே, அன்னைக்கா?"

"ஆமா அண்ணி."

"நான் உள்ளதான் உக்காந்திருந்தேன்," என்றாள். "சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மெக்கானிக் போன பிறகு இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. காலையும் மாலையும் சொட்டு மருந்துக்கு முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள், அவ்வளவுதான். பல்செட் கதவு நிலைகளுக்கெல்லாம் மஞ்சள் டேப் ஒட்டினார். படிகளின் விளிம்புக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார். அடுப்பின் திருகுகளுக்குத் தடவினால் தெரிகிற மாதிரி மேடு வைத்தார், லேபில் பல்லுக்கு வைக்கும் அதே பிசினால். நேர்த்தியான வேலை. செய்யும்போது தன்னையறியாமல் விசில் அடித்தார். அவள் உள்ளறையிலிருந்து அந்த விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை, அவள் வெட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெட்டாமல் விட்ட ஒரு நீலத் துணி மேஜை நிறையக் கிடந்தது. அதை முழுசாக ஒரே பார்வையில் பார்க்க இனி அவளுக்கு வழியில்லை; கையால் தடவித்தான் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தடவிக்கொண்டிருந்தாள். பல்செட் தொண்டையைச் செருமினார்.

"காரை வித்துடறேன்மா. கூட்டத்துலயே ஒருத்தர் கேக்கறாரு."

"எதுக்கு?"

"எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல இப்ப."

"உங்களுக்குப் பிடிக்கல."

"உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காக விக்காதீங்க." அவள் கை துணியிலேயே இருந்தது. "வித்தீங்கன்னா உங்க கூட்டம் என்ன சொல்லும் தெரியுமா? பொண்டாட்டிக்காக உசுருக்கு உசுரா வெச்சிருந்த காரையே வித்துட்டாரு, எப்பேர்ப்பட்ட மனுஷன்னு சொல்லும். அதையும் ஒரு கதையாச் சொல்லுவீங்க. என் கண்ணு போனதுல உங்களுக்கு நல்ல பேரு வேற வரணுமா?"

"அப்படியெல்லாம் நினைச்சுச் சொல்லலம்மா."

"தெரியும். நீங்க எதையுமே நினைச்சுச் செய்யறது இல்ல. திட்டியிருக்கலாம்ல என்னை? கண்ணு எங்கடி போச்சுன்னு ஒரு நாளாவது எரிஞ்சு விழுந்திருக்கலாம்ல? அடுத்த வீட்டுல அந்த ஆளு பொண்டாட்டியை அதட்டறப்பல்லாம், நமக்கு இப்படி ஒருத்தர் வாய்ச்சாரேன்னு நான் எவ்வளவு பெருமைப்பட்டிருக்கேன்."

அவர் அழுதார். உண்மையாகவே அழுதார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "நான் என்னதான் செய்யணும்? நீயே சொல்லு. என்ன சொன்னாலும் செய்யறேன்."

அவள் துணியிலிருந்து கையை எடுத்தாள்.

"என் முன்னாடி வந்து நில்லுங்க."

அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"கிட்டக்க வேணாம். கிட்டக்க நின்னா மூக்கு மட்டும்தான் தெரியுது. பின்னாடி போங்க. இன்னும் கொஞ்சம். இன்னும்."

ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். மேஜையைத் தாண்டி, தையல் மெஷினைத் தாண்டி, முதுகு வாசல் கதவில் முட்டுகிற வரைக்கும் போனார். அங்கே நின்றபோதுதான் அவளுக்கு இருந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவர் முகம் முழுசாக வந்தது. அவள் பார்த்தாள். குண்டூசி முனையைப் பார்க்கிற அதே கண், நேரே இருப்பதில் எதையும் தவறவிடாத கண். அவர் அசையாமல் நின்றார். எவ்வளவு நேரம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"சிரிக்காதீங்க," என்றாள்.

"நான் சிரிக்கலையே."

"சிரிக்கறீங்க."

அவர் கையை எடுத்துத் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. ஆனால் உதட்டின் இரண்டு ஓரமும் மேலே ஏறித்தான் இருந்தன. எதையும் பெரிதுபண்ணாத, எல்லாவற்றையும் பொறுத்துப்போகிற அந்தச் சிரிப்பு வருஷக்கணக்கில் அங்கேயே இறுகிப்போயிருந்தது. வாயைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எந்தத் தசையை எங்கே அமுக்கினால் உதடு இறங்கும் என்று தெரியும். இரண்டு விரலால் ஓரங்களைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவருக்கு விரலை எடுக்கப் பயமாக இருந்தது.